கைப்பையில் இரண்டு ஊசி

நான் அப்பவே சொன்னேன், மகள். எல்லாவற்றையும் சொன்னேன். சூறாவளி அடிப்பதற்கு நான்கு நாளைக்கு முன்னால் கடற்கரையில் நின்று, தண்ணீரின் நிறம் சரியில்லை, தோணிகளை ஏற்றிக் கட்டுங்கள் என்று மீன்காரர்களிடம் சொன்னவன் நான். உன் மாப்பிள்ளை கொழும்புக்குப் போனால் திரும்பி வரமாட்டான் என்று கலியாண வீட்டிலேயே சொன்னவனும் நான்தான். ஒரே சஹன் தட்டில் நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது இறைச்சியை மற்றவர்கள் பக்கம் தள்ளிவிடாமல் தன் பக்கம் இழுக்கிறவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்? நம் ஊர்ப் பெண்கள் ஒருநாள் ஆகாயத்தில் ஏறிப் போய்ச் சம்பாதித்து அனுப்புவார்கள் என்று, சந்தைக்குப் போகவே பெண்களை விடாத காலத்தில் சொன்னேன். சிரித்தார்கள். கைப்பிள்ளையை விட்டுப் போனால் பிள்ளை உன்னை மறந்துவிடும் என்றும் சொன்னேன். சொன்னது ஒவ்வொன்றும் பலித்தது. கடைசியாகச் சொன்னது பலித்தபோது மட்டும் நெஞ்சைத் தட்டிக்கொள்ள எனக்குக் கை எழும்பவில்லை.

ஸலாம் எழுதாமல் கடிதத்தைத் தொடங்கிவிட்டேன் என்று உன் சாச்சி பின்னால் நின்று முறைக்கிறாள். அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்குச் சுகம். உன் மகள் பஸ்மியா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். நீ வாங்கிக் கொடுத்த சிவப்புச் சப்பாத்தைப் போடமாட்டேன் என்று நின்றவள், நீ போன மூன்றாம் நாள் தானாகவே போட்டுக்கொண்டாள். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, சாச்சியே சாட்சி.

உன்னைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்து இன்றைக்குப் பத்து நாள். உள்ளே போவதற்கு முன்னால் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சோதனையெல்லாம் முடிந்து விமானத்துக்குக் காத்திருக்கிற இடத்தில், ஒரு வெள்ளைக்காரப் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஊதா நிறக் கம்பளி நூல். கையில் முழங்கை நீளத்துக்கு இரண்டு ஊசி. ஊசி இரண்டும் கோழிக்குஞ்சுகள் கொத்துகிற மாதிரி ஒன்றையொன்று கொத்திக்கொண்டிருந்தன. உத்தியோக உடுப்புப் போட்ட ஒருவன் அவளைத் தாண்டிப் போனான். அவள் தலை நிமிர்ந்து அவனிடம் ஏதோ கேட்டாள், அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பதில் சொன்னான். அவ்வளவுதான். ஊசியைப் பற்றி ஒன்றுமில்லை. நீ அதைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"சாச்சா, அந்தப் பொம்புளைக்கு மட்டும் ஏன் விட்டாங்க?"

"அவ வெள்ளக்காரி, மகள். அவங்களுக்கு வேற சட்டம்."

நீ இன்னொரு முறை கண்ணாடிப் பக்கம் பார்த்தாய். "ஓம் சாச்சா" என்றாய். கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

அந்த "ஓம்" பத்து நாளாக என் காதுக்குள் இருக்கிறது. நீ என்னை நம்பிச் சொன்ன ஓமா, நம்பாமல் சொன்ன ஓமா என்று தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நேரே பதில் சொல்லிப் பழக்கமில்லாத வாய் இது, உனக்குத் தெரியும். கொஞ்சம் சுற்றித்தான் வரும். பொறுத்துக்கொள்.

உன் உம்மா உன்னைப் பெற்ற நாற்பதாம் நாளைக் காணவில்லை. என் காக்கா, உன் வாப்பா, நீ நடக்கப் பழகிய வருடம் சாகாமத்து வயலில் வரம்பு கட்டும்போது பாம்பு கடித்து மௌத்தானார். தம்பியாகிய நான் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து சாச்சியின் மடியில் போட்டேன். எங்களுக்குப் பிள்ளையில்லை. ஆகவே ஒரு பிள்ளைக்கு எவ்வளவு சோறு போடவேண்டும் என்று தெரியாமல் இரண்டு பிள்ளைக்குரியதைப் போட்டோம். உனக்கு ஒரு வாப்பா இல்லாத குறையைத் தீர்க்க நான் என்னைப் பெரிய ஆளாக்கிக் காட்டினேன். அணைக்கட்டு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் என்னைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட வைக்கவில்லை என்று சொன்னேன். அங்கே நான் தண்ணீர் வாளி தூக்கினேன். நீ வாயைத் திறந்துகொண்டு கேட்பாய். நான் கதையை நிறுத்தினால், "மறுகா என்ன சாச்சா?" என்பாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அந்த "மறுகா" ஒரு பட்டம் மாதிரி. அதற்காக எவ்வளவும் அவிழ்த்துவிடலாம் என்று தோன்றும்.

பின்னல் உனக்கு வந்தது பள்ளிக்கூடத்தில். மட்டக்களப்பிலிருந்து வந்த பறங்கி ரீச்சர் இரட்டை ஊசிப் பின்னல் கற்றுக்கொடுத்தா. கல்முனை வெயிலில் கம்பளிப் பின்னல் எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். நான் மட்டும், பிற்காலத்துக்கு உதவும் என்று சொன்னேன். உதவியது. சூறாவளி நம் கூரையைக் கழற்றிக்கொண்டு போன பிறகு, எங்கேயோ குளிர் தேசத்திலிருந்து நிவாரண மூட்டைகள் வந்தன. நமக்கு விழுந்த மூட்டையைப் பிரித்தால் முழுவதும் தடித்த கம்பளிச் சட்டைகள்! அடுத்த வீட்டுப் பெண்கள் அவற்றைப் பாத்திரம் இறக்கப் பிடிதுணியாக்கினார்கள். நீ ஒரு பச்சைச் சட்டையை எடுத்து, தோளில் ஒரு முனையைக் கண்டுபிடித்து இழுத்தாய். சட்டை முழுவதும் நூலாக ஓடி வந்தது. பஸ்மியாவுக்கு அப்போது நான்கு மாதம். அவளை மடியில் வைத்து, அவள் வயிற்றின் மேலேயே அந்த நூலை உருண்டையாகச் சுற்றினாய். மாரி வருகிறது, கூரையில்லாத வீட்டில் பிள்ளைக்குக் குளிரும் என்றாய்.

ஊசி நான் செய்தது. இதில் ஒரு சொல்லும் கூடுதல் இல்லை. காற்றில் நசுங்கிய என் சைக்கிளின் சில்லிலிருந்து இரண்டு கம்பியைக் கழற்றி, நிமிர்த்தி, அம்மிக்கல்லில் தீட்டி, நுனியை வேப்பங்குச்சி மாதிரி மழுக்கி, மறுமுனையில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டைக் குமிழாகப் பொருத்திக் கொடுத்தேன். நீ விரலில் உருட்டிப் பார்த்து, "ரீச்சர்ட ஊசிய விட நல்லம் சாச்சா" என்றாய். நான் செய்த காரியங்களில் கூட்டாமல் குறைக்காமல் ஊருக்குச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதைத்தான் நான் சொல்லவேயில்லை.

பிறகு குவைத் வந்தது. மாப்பிள்ளை போனவன் போனவன்தான். கூரை இல்லை. நீயே போகிறேன் என்று நின்றாய். பஸ்மியாவுக்கு ஒரு வயது நிறையவில்லை. பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது, அரைவாசி முடிந்த பச்சைச் சட்டையை ஊசியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய்.

"சாச்சா, பிளேன்ல இதக் கையில கொண்டுபோக விடுவாங்களா?"

"பெட்டிக்குள்ள போட்டா என்ன?"

"பெட்டி வேற பக்கம் போயிருமாம். இறங்கினாத்தான் தருவாங்களாம். எனக்குக் கையில வேணும்."

சாச்சி அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள். "அங்க போய்ப் பின்னன் புள்ள! நூலுக்குக் காலா இரிக்கி, ஓடிப்போக?"

"கை சும்மா இருந்தா புள்ளயத் தேடும் சாச்சி" என்றாய்.

சாச்சி அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். நான் என் சட்டையை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். பயண அலுவல் பார்க்கிற கந்தோருக்குப் போனேன். விசாரித்தேன். திரும்பி வந்து, "கையிலேயே கொண்டுபோகலாம், நான் கதைச்சிட்டன்" என்றேன். கந்தோரில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

முதல் தடவை நீ புறப்பட்டது ஒரு பகல். பிள்ளை தூங்கும்போது போய்விடவேண்டும் என்பது பயணம் போகிற எல்லாத் தாய்மாருக்கும் ஊர் சொல்கிற புத்தி. பஸ்மியா ஏணைக்குள் தூங்கினாள். நீ ஏணையைத் தொடவில்லை. தொட்டால் ஆடும், ஆடினால் விழிப்பாள் என்று ஏணைக்கயிற்றை மட்டும் ஒரு விரலால் தொட்டுவிட்டு வந்தாய். பஸ்ஸில் கொழும்பு வரைக்கும் பின்னிக்கொண்டே வந்தாய். கண்டக்டர், "தங்கச்சி, எனக்கும் ஒண்டு பின்னித் தாவன்" என்று பகிடி விட்டான். நீ தலை நிமிரவில்லை.

கட்டுநாயக்கவில் உன்னை ஏற்றவில்லை. அதை நான் வந்து உனக்குச் சொன்ன விதம் உனக்கு மறந்திருக்காது. எனக்கு மறக்கவில்லை.

"ஊசிதான் மகள். கைப்பையில ஊசி கொண்டு வந்தது பிழையாம். ஆயுதம் எண்டு சொல்றாங்க."

"அப்ப எறிஞ்சிட்டுப் போறன் சாச்சா. இந்தாங்க. எறியுங்க."

"இனி ஏலாதாம். பேர எழுதிட்டாங்களாம். இந்தப் பயணம் சரிவராதாம்."

நீ பின்னலிலிருந்து இரண்டு ஊசியையும் உருவி என் கையில் தந்தாய். அப்படி உருவினால் கண்ணியெல்லாம் வாய் திறந்து நிற்கும் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வருகிற பஸ்ஸில் அந்தச் சட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒவ்வொரு கண்ணி கழன்றது. அம்பாறையைத் தாண்டும்போது உன் மடியில் சட்டை இல்லை, நூல்தான் கிடந்தது. "புள்ளய விட்டுட்டு வந்தும் எனக்கு நூல் ஆசை போகல்ல பாருங்க சாச்சா. எனக்கு அல்லா காட்டின படிப்பு" என்றாய். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு மறுபடி பயணம் சரிவந்தது. அந்த மூன்று கிழமையும் பஸ்மியா உன்னை விட்டு இறங்கவில்லை. நீ குளிக்கப் போனால் கிணற்றடியில் இருந்து கத்துவாள். ஒரு தடவை தூங்கி ஏமாந்த பிள்ளை, மகள். இரண்டாம் தடவை பகல் முழுவதும் தூங்கவேயில்லை. சாச்சி ஏணையை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்துபோனாள். பஸ்ஸுக்கு நேரம் வந்தது. பஸ்மியா உன் முந்தானையையும் ஒரு பிடி முடியையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். சாச்சி ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். ஒரு விரலைப் பிரித்தால் முதல் பிரித்த விரல் மறுபடி பிடிக்கும். ஐந்து விரல்தானே, எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைப்பாய். நான் வாசலில் உன் பெட்டியோடு நின்று பார்த்தேன். அந்தத் தடவை நீ வெறும் கையோடு போனாய். நூலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டாய். விமானத்தில் உன் கை என்ன செய்தது என்று நான் ஒருநாளும் உன்னிடம் கேட்கவில்லை.

உன்னைத் திருப்பி அனுப்பிய கதையை நான் ஊரில் சொன்னேன். தேத்தண்ணிக் கடையில் கேட்டார்கள், சொன்னேன். முதல் நாள் ஒரு உத்தியோகத்தர் என்றேன். மறுநாள் அவர் தோளில் ஒரு துவக்கை மாட்டிவிட்டேன். ஒரு மாதத்துக்குள் நான்கு பேர் உன் பையைச் சுற்றி நின்றார்கள், நான் இங்கிலீஷில் வாதாடினேன். ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். குவைத்துக்கும் ஜித்தாவுக்கும் போகிற பெண்கள் கைப்பையில் எதை வைக்கலாம் என்று என்னிடம் வரத் தொடங்கினார்கள். நான் ஊக்குப் பின்னைக்கூட எடுத்துவிடச் சொன்னேன். ஒரு பெண் தன் முந்தானைப் பின்னைக் கழற்றிவிட்டு வழி முழுவதும் முந்தானையைக் கையால் பிடித்துக்கொண்டு போனாள். இது எனக்குப் பெரிய மதிப்பாக இருந்தது. ஆனால் என் மதிப்போடு சேர்ந்து உனக்கும் ஒரு பெயர் வளர்ந்தது. ஊசிக்காரி. உன் காசில் கூரை ஓடு வந்து இறங்கியபோது, "ஊசிக்காரிட வீட்டுக்கு ஓடு வந்திரிக்கி" என்றார்கள். நான் கேட்டும் கேளாதவன் மாதிரி ஓடுகளை எண்ணாமல் உள்ளே போய்விட்டேன்.

நீ காசோடு உன் குரலைப் பதிந்த கெசட் நாடாவும் அனுப்பினாய். பஸ்மியா அதைப் போட்டுக் கேட்பாள். "மகள், சாப்பிட்டியா?" என்று பெட்டிக்குள் இருந்து நீ கேட்பாய். "ஓம்" என்று பெட்டிக்குச் சொல்வாள். சாச்சியை உம்மா என்றாள், உன்னைக் கெசட் உம்மா என்றாள். இத்தனை வருடத்துக்குப் பிறகு இந்த முறை நீ விடுமுறையில் வந்து வாசலில் நின்று "மகள்" என்று கூப்பிட்டபோது, அவள் முதலில் திரும்பிப் பார்த்தது மேசையில் இருந்த பெட்டியை. நீயும் அதைப் பார்த்துவிட்டாய். நான் உடனே ஒரு பகிடி சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

விடுமுறை முடியப்போகிற கிழமை, பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பஸ்மியா மீன் முள்ளை எடுத்துக்கொண்டே உன்னைக் கேட்டாள்.

"நீங்கதானா ஊசிக்காரி?"

"ஆர் மகள் சொன்ன?"

"பள்ளியில எல்லாரும் சொல்ற. என்ன விட்டுட்டு ஊசியத் தூக்கிட்டுப் போனயாம். பிளேன்காரன் அடிச்சு விரட்டினயாம்."

சாச்சி, "வாயப் பொத்து புள்ள" என்றாள். நீ அவளைத் தடுத்தாய். பஸ்மியாவின் சோற்றில் இருந்த இன்னொரு முள்ளை எடுத்துப் போட்டாய். "ஓம் மகள். உம்மாட புத்தி அப்ப அப்படித்தான் இருந்த" என்றாய்.

நானும் அங்கேதான் இருந்தேன், மகள். கையில் சோற்று உருண்டையோடு. அந்த நேரம் வாயைத் திறந்திருக்கவேண்டும். பலதும் சொல்லத் தெரிந்த வாய். அன்றைக்கு மீன் நல்ல ருசி என்று சொன்னது. அன்று பின்னேரம் நீ சாச்சியிடம் சொல்லிக்கொண்டிருந்ததும் எனக்குக் கேட்டது. குவைத்தில் குளிர் காலத்தில் வீட்டுக்காரி உனக்கு நூலும் ஊசியும் வாங்கிக் கொடுத்தாளாம், நீ தொடவில்லையாம். "தொட்டா இதுவும் போயிரும் எண்டு பயம் சாச்சி" என்றாய்.

இனிச் சுற்ற இடமில்லை. கந்தோரில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே எனக்குக் கதிரை தந்து சோடா உடைத்தார்கள் என்று உனக்குச் சொன்னேன். இல்லை. நின்றுகொண்டுதான் கதைத்தேன். மேசையில் இருந்த இளைஞன் கடுதாசிக்குள் தலையைப் போட்டுக்கொண்டிருந்தான். "தம்பி, மகள் குவைத்துக்குப் போறா. ஊசி விசயம் கேக்க வந்தன்" என்றேன். அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "ஊசி கட்டாயம் காக்கா. ஊசி இல்லாம ஏத்தமாட்டாங்க. ரெண்டு ஊசி. அட்டையோட இருக்கணும். அட்டயப் பெட்டிக்குள்ள போட்டிராதீங்க, கையில வெச்சிருக்கணும்." நான், "ரெண்டு ஊசிதான் தம்பி, எனக்கு விளங்கும்" என்றேன். விளங்காதவன் என்று அவன் நினைத்துவிடக்கூடாது என்று, வேறு ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். அவன் சொன்னது ஆஸ்பத்திரியில் கையில் போடுகிற ஊசி. வெளிநாடு போகிறவர்கள் நோய் வராமல் போட்டுக்கொண்டு, போட்டதற்கு மஞ்சள் அட்டை எடுக்கிற ஊசி. நான் கேட்டது பின்னல் ஊசி. இரண்டுக்கும் நம் மொழியில் ஒரே சொல். அந்தச் சொல்லை அவன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

வீட்டுக்கு வந்து இன்னொரு சோடி ஊசி செய்தேன். சவர்க்காரப் பெட்டியில் ஓர் அட்டை வெட்டி, அதில் இரண்டையும் நூலால் தைத்து, கீழே உன் பெயரை இங்கிலீஷ் எழுத்தில் எழுதினேன். நீ, "இது எதுக்கு சாச்சா?" என்றாய். "சட்டம்" என்றேன். கட்டுநாயக்கவில் உன்னை வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு அந்த மேசைக்கு நான் போனேனே, அங்கே இருந்தவர் உன் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு அட்டை எங்கே என்று கேட்டார். கொழும்புப் பக்கத்து முஸ்லிம் மனிதர், நல்லவர், தமிழில்தான் கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சவர்க்கார அட்டையை மேசையில் வைத்தேன். அவர் அட்டையைப் பார்த்தார். ஊசியைத் தடவிப் பார்த்தார். "பெரியவர், இது என்ன?" என்றார். "ரெண்டு ஊசி, அட்டையோட" என்றேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழும்பி வந்து பார்த்தார்கள். ஒருவர் சிங்களத்தில் மற்றவருக்குச் சொன்னார். சிரித்தார்கள். அந்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. "ஊசி போட்டு, அட்டை எடுத்து, அடுத்த கிழமை கூட்டிட்டு வாங்க. பிள்ள பாவம்" என்றார்.

அந்த மேசையிலிருந்து நீ நின்ற இடத்துக்கு முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடிக்குள் நான் என் முகத்தைக் காப்பாற்ற வழி தேடினேன். நீ என்னை விளங்காதவன் என்று நினைக்கக்கூடாது. "மறுகா என்ன சாச்சா" என்று கேட்ட பிள்ளை அப்படி நினைக்கக்கூடாது. கையில் இருந்தது ஊசி. பழியை அதன் தலையில் போட்டேன். அது உன் தலையில் விழும் என்று யோசிக்கவில்லை. உன் கையிலிருந்து வாங்கிய ஊசியையும் அட்டையையும் ஒரு தூணுக்குப் பின்னால் கொண்டுபோய்க் குப்பை வாளிக்குள் போட்டது நான். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் உனக்கு ஊசி போடுவித்து மஞ்சள் அட்டை எடுத்தேன். இது புதுச் சட்டம், இந்தக் கிழமைதான் வந்தது என்றேன். அதற்கும் நீ "ஓம் சாச்சா" என்றாய்.

உனக்குப் புத்தி சொல்லிச் சொல்லியே வளர்த்தவன். இன்னும் கொஞ்சம் சொல்ல விடு. இனிமேல் எந்த மேசைக்கும் உனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பாதே. பாஷை தெரியாவிட்டாலும் நீயே போய் நில். உன் கடுதாசியை உன் கையாலேயே நீட்டு. சிரித்தால் சிரிக்கட்டும். சிரிப்புக்குப் பயந்தவன் என்ன செய்வான் என்று நீ என்னில் பார்த்துவிட்டாய். வீட்டுக்காரி வாங்கித் தந்த நூலை எடுத்துப் பின்னு. வரும்போது கையிலேயே கொண்டு வா.

இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை இன்றைக்குப் பின்னேரம் தேத்தண்ணிக் கடையில் நானே சத்தமாக வாசிக்கப்போகிறேன். என்ன நடக்கும் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பஸ்மியாவுக்கு வாசித்துக் காட்டுவேன். நீ அவளிடம் "ஓம்" என்று ஒப்புக்கொண்டது நீ செய்யாத காரியம். அவளை விட்டு ஒரு தடவை போனது நம் வறுமைக்காக. இரண்டாம் தடவை போனது எனக்காக. ஊசிக்காக நீ ஒரு தடவையும் போகவில்லை.

அந்த வெள்ளைக்காரிக்கு வேறு சட்டம் இல்லை, மகள். உனக்கும் விட்டிருப்பார்கள். உன் கைப்பையை அன்றைக்கு ஒருவரும் திறக்கவேயில்லை. பின்னல் ஊசி கூடாது என்று அந்தக் கட்டடத்தில் ஒரு மனிதரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.